பெஞ்சில் 301, யார்டில் 'உஸ்ஸ்': புரொப்பேன் டேங்க் கார் ரிலீஃப் வால்வு குழப்பம்

#1 புதுசா_வந்தவன்

எல்லோருக்கும் வணக்கம். ஊரில் எட்டு வருடம் சுத்திகரிப்பு ஆலையில் பாதுகாப்பு வால்வு பிரிவில் இருந்தேன். இப்போது கனடாவில், அல்பர்ட்டாவில், ரயில் டேங்க் கார் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. வால்வு எனக்குப் புதிதில்லை, டேங்க் கார்தான் புதிது.

விஷயத்துக்கு வருகிறேன். 112ஜே340டபிள்யூ வகை வண்டி, புரொப்பேன் சுமப்பது. உள்ளே அழுத்தம் எல்லை மீறினால் தானாகத் திறந்து வாயுவை வெளியே விடுவதுதான் இதன் ரிலீஃப் வால்வு. சரக்கு இறக்கும் இடத்தில் மதியம் மூன்று மணிக்கு மேலே ஏறிய ஆள், "ரிலீஃப் வால்வு உஸ்ஸென்று கசிகிறது" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அன்றைய வெயில் 31 டிகிரி. சரக்கை இறக்கி, வண்டியைச் சுத்தம் செய்து எங்களிடம் அனுப்பினார்கள்.

வால்வின் மேல் பொறித்திருக்கும் திறக்கும் அழுத்தம் 280.5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). சோதனை பெஞ்சில் ஏற்றினேன். முதல் முறை 301-இல்தான் திறந்தது. இரண்டாம் முறை 284. மூன்றாம் முறை 282.

கூட வேலை செய்யும் ஒருவர், "கசிகிறது என்றுதானே புகார்? ஸ்பிரிங் நட்டை அரைச் சுற்று இறுக்கிவிட்டுச் சீல் போடு" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கசிகிற வால்வு எப்படித் தாமதமாகத் திறக்கும்? நீங்கள் என்ன செய்வீர்கள்?

#2 நுரைக்குமிழ்

இறுக்காதீர்கள்! முதலில் நட்டிலிருந்து கையை எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கழற்றுவதற்கு முன்பு, வந்த நிலையிலேயே முதல் அளவு எடுத்தீர்கள் பாருங்கள், அதற்கே உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தரலாம். பாதிப் பட்டறைகளில் வால்வு வந்ததும் கழுவி, ஓ-ரிங் (வால்வு வாயை மூடும் ரப்பர் வளையம்) மாற்றி, அப்புறம்தான் பெஞ்சில் வைக்கிறார்கள். வண்டியில் அது எப்படி இருந்தது என்ற சாட்சியையே கழுவிவிட்டால் என்ன தெரியும்?

ஒரு கேள்வி. 301-க்குப் போவதற்கு முன்னால், 150 பிஎஸ்ஐ அளவில் நிறுத்திச் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தீர்களா?

#3 புதுசா_வந்தவன்

பார்த்தேன். 150-இல் ஒரு குமிழ்கூட இல்லை. 200-இலும் இல்லை. அதனால்தான் குழப்பமே.

#4 கணக்குப்புலி

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். பிளாண்ட் பழக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த எண்கள் விநோதமாகத் தெரியும்.

280.5 என்ற அந்த 'புள்ளி ஐந்து' எங்கிருந்து வந்தது? 340டபிள்யூ டேங்கின் குறைந்தபட்ச வெடிப்பு அழுத்தம் 850 பிஎஸ்ஐ. வால்வு திறக்கத் தொடங்கும் அழுத்தம் அதில் 33 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்க விதி, 49 சிஎஃப்ஆர் 179.15. 850-இல் 33 சதவீதம் 280.5. டேங்கின் சோதனை அழுத்தமான 340 என்பதும் அதே 850-இல் 40 சதவீதம்தான். கச்சா எண்ணெய், எத்தனால் வண்டிகளில் 165 என்று பார்த்திருப்பீர்கள். அங்கே வெடிப்பு அழுத்தம் 500, அதே 33 சதவீதம்.

கீழ் எல்லையும் உண்டு. டேங்குக்குள் சரக்கின் ஆவி அழுத்தம், மேலே அடைத்த வாயுவின் அழுத்தம், திரவத்தின் எடை தரும் அழுத்தம், மூன்றும் சேர்ந்த கூட்டுத்தொகைக்குக் கீழே வால்வு திறக்கக் கூடாது. அந்தக் கூட்டுத்தொகையை எந்த வெப்பநிலையில் கணக்கிடுவது? மேலுறை எதுவும் இல்லாத டேங்குக்கு 46 டிகிரி செல்சியஸ், ஜாக்கெட்டோடு (வெளியே உலோக உறை) தீத்தடுப்பு உள்ளதற்கு 43, வெப்பக்காப்பு உள்ளதற்கு 41. இந்த வண்டி 'ஜே', அதாவது ஜாக்கெட் போட்டது. 43 டிகிரிதான் அதன் கணக்கு.

இப்போது புகாருக்கு வாருங்கள். 31 டிகிரியில் புரொப்பேனின் ஆவி அழுத்தம் சுமார் 145 பிஎஸ்ஐ. அது 280.5-ஐத் தொட வேண்டுமென்றால் சரக்கே 58 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாக வேண்டும். ஜாக்கெட் போட்ட வண்டி ஒரு மதிய வெயிலில் அப்படிச் சூடாகாது. ஆக, அழுத்தம் ஏறி வால்வு திறந்தது என்பதற்கு வாய்ப்பு குறைவு. வால்வு 145-இலேயே கசிந்திருக்க வேண்டும். ஆனால் பெஞ்சில் 200 வரை கசியவில்லை. அப்படியானால்...

#5 சும்மா_எட்டிப்பார்த்தேன்

அப்படியானால்?? சீரியல் மாதிரி பாதியில் நிறுத்தாதீர்கள் சார்.

#6 மிசிசாகா_மச்சான்

வணக்கம் அண்ணைமார். நான் பட்டறைக்காரன் இல்லை, லோடிங் பக்கம். வால்வைக் குற்றம் சொல்ல முதல் எங்கட பக்கத்தையும் பாருங்கோ. கூட நிரப்பினால் என்ன நடக்கும் தெரியும்தானே? திரவம் சூடாகி விரிந்து டேங்க் முழுக்க நிறைந்தால், மேலே ஆவிக்கு இடமே இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். ஆவி அழுத்தக் கணக்கெல்லாம் அங்கே செல்லாது.

இதற்காகத்தான் மேற்சொன்ன அதே 46, 43, 41 டிகிரிகளில் குறைந்தது ஒரு சதவீதம் காலியிடம் இருக்க வேண்டும் என்று நிரப்பும் விதியிலும் இருக்கு. மூச்சில் எடுத்தால் விஷமான சரக்கென்றால் ஐந்து சதவீதம். நிரப்புகிற விதியும் வால்வு விதியும் ஒரே மூன்று எண்களில் நிற்கிறது தற்செயல் இல்லை.

அந்த வண்டியின் எடைச் சீட்டு கிடைக்குமோ தம்பி?

#7 புதுசா_வந்தவன்

அலுவலகத்தில் கேட்டேன். எடைச் சீட்டு சரியாக இருக்கிறது, அதிகச் சுமை இல்லை. இறக்கும் இடத்தில் ஏறியதும் கேஜ் பார்த்திருக்கிறார்கள், 140-க்குச் சற்று மேலே என்று எழுதியிருக்கிறது. கணக்குப்புலி சொன்னதோடு பொருந்துகிறது.

#8 ரென்ச்_ராஜா

இவ்வளவு எதற்கு? 301 என்ன, 280 என்ன. டேங்க் 340 வரை சோதித்தது. மூன்று பிஎஸ்ஐ முன்னே பின்னே போகலாம் என்று விதியே சொல்கிறது. ஓ-ரிங்கை மாற்றி அனுப்பு தம்பி, வண்டி நின்றால் வாடகை ஓடும்.

#9 நுரைக்குமிழ்

ராஜா, அந்த ±3 பிஎஸ்ஐ 100 பிஎஸ்ஐ வரை உள்ள வால்வுகளுக்கு, 75 வால்வு மாதிரி. 100-க்கு மேலே ±3 சதவீதம். 280.5-க்கு அது எட்டரைக்குச் சற்றுக் குறைவு. 272-க்கும் 289-க்கும் நடுவில் திறந்தால் தேறியது. 301 எந்தக் கணக்கிலும் தேறாது.

இன்னொன்று. 'எப்போது திறக்கிறது' பாதிப் பரீட்சைதான். எங்கள் வாயில் எஸ்டிடி, அதாவது வால்வு கக்கத் தொடங்கும் அழுத்தம். மீதிப் பாதி விடிபி. திறந்த வால்வு மூடிக்கொண்டு, ஒரு குமிழும் விடாமல் நிற்கும் அழுத்தம். அது எஸ்டிடியில் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இந்த வால்வுக்கு 224.4. புதுசா_வந்தவன் அதைச் சொல்லவே இல்லையே?

#10 புதுசா_வந்தவன்

மன்னிக்கவும். மூன்றாம் முறை திறந்த பிறகு மெதுவாக இறக்கினேன், 238-இல் குமிழ் நின்றது.

ஒரு சந்தேகம். ஆலையில் நாங்கள் செட் பிரஷர் (திறக்கும் அழுத்தம்), புளோடவுன் (திறந்தபின் மூடும் வரை இறங்கும் அழுத்தம்) என்று பேசுவோம். வால்வுக்குள் இருக்கும் வளையத்தைத் திருகிப் புளோடவுனைச் சரி செய்வோம். இதில் அந்த வளையத்தையே காணோமே? நட்டு ஒன்றுதான் இருக்கிறது.

#11 பட்டறை_அண்ணாச்சி

தாமதமாக வருகிறேன், டெக்சாஸில் இன்று ஷிப்ட் முடியவே நேரமாகிவிட்டது.

தம்பி, ஆலைப் பழக்கத்தை முதலில் மூட்டை கட்டி வையுங்கள். அங்கே பெரும்பாலும் உலோகத்தின் மேல் உலோகம் உட்காரும். திறப்பதற்கு முன்னால் ஒரு முணுமுணுப்பு இருக்கும், அதையும் கணக்கில் வைப்பீர்கள். இங்கே சீட்டில், அதாவது வால்வு மூடி வந்து உட்காரும் இடத்தில், ஓ-ரிங். அது குமிழ் விடாமல் மூடும். சுமை வண்டி ஊர் ஊராக, வீடுகளுக்குப் பின்னாலேயே போகிறது, முணுமுணுப்புக்கு இடமில்லை. ஆனால் ரப்பரில் ஒரு குணம் உண்டு: வருடக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டை முதல் முறை பிய்க்கத்தான் கூடுதல் அழுத்தம். பிய்ந்த பிறகு ஸ்பிரிங் தன் கணக்குக்கு வந்துவிடும். உங்களுடைய 301, 284, 282 வரிசையைப் பார்த்ததுமே சொல்லலாம், ஸ்பிரிங்கில் கோளாறு இல்லை. ஒட்டிய ஓ-ரிங்.

தீ விபத்தில் வால்வுக்குக் கிடைப்பது அந்த முதல் முறை மட்டும்தான். அதனால் 282-ஐ எழுதிவிட்டு 301-ஐ மறைத்தால், எழுதியது பொய்.

இறுக்கச் சொன்னவரின் பேச்சைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் பாருங்கள். ஒட்டிய ஓ-ரிங், அதன் மேல் இன்னும் இறுகிய ஸ்பிரிங். ஏற்கெனவே தாமதமாகத் திறக்கிற வால்வை இன்னும் தாமதமாக்கிச் சீல் வைத்து அனுப்பியிருப்பீர்கள்.

சரி, 'உஸ்ஸ்' எங்கிருந்து? இந்த வண்டிகளில் வால்வுகள் எல்லாம் மேலே ஒரே கூண்டுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். நடுவில் ரிலீஃப் வால்வு, சுற்றி திரவ வால்வுகள், ஆவி வால்வு, அளவுகோல், மாதிரி எடுக்கும் குழாய். கூண்டுக்குள் சத்தம் சுற்றும். காது நடுவில் இருப்பதைத்தான் காட்டும். நான் பார்த்த 'ரிலீஃப் வால்வு கசிவு' புகார்களில் கணிசமானவை பக்கத்து வீட்டுச் சண்டை.

வால்வைக் கழற்றும் முன் அடிப்பக்க ஃபிளாஞ்சில் (டேங்கோடு போல்ட் போட்டு இணையும் விளிம்பில்) சோப்புத் தண்ணீர் விட்டார்களா? அந்த இணைப்புக்கு நடுவில் இருந்த பழைய கேஸ்கெட் எங்கே?

#12 புதுசா_வந்தவன்

நான் பார்க்கும் முன்பே கழற்றிவிட்டார்கள் அண்ணாச்சி. வண்டி காலியாகி வந்ததால் சோப்புச் சோதனை செய்ய உள்ளே அழுத்தமும் இல்லை. கேஸ்கெட் குப்பைப் பீப்பாயில் இருக்கும். நாளை தேடுகிறேன்.

#13 சும்மா_எட்டிப்பார்த்தேன்

எனக்கு இந்தத் தொழிலே தெரியாது, ஆனாலும் ஒரு கேள்வி. தீயில் வால்வு திறந்து வாயுவை வெளியே விட்டால் டேங்க் வெடிக்காதுதானே? அப்புறம் ஏன் வெடிக்கிறது?

#14 பட்டறை_அண்ணாச்சி

நல்ல கேள்வி. அரிசோனாவில் கிங்மன் என்ற ஊர், 1973 ஜூலை 5. புரொப்பேன் வண்டியிலிருந்து இறக்கும்போது கசிந்து தீப்பிடித்தது. கொஞ்ச நேரத்தில் டேங்க் கிழிந்து வெடித்ததில் 11 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள்.

திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் தகடு அவ்வளவாகச் சூடாகாது, கொதிக்கிற திரவம் சூட்டை இழுத்துக்கொள்ளும். அடுப்பில் தண்ணீரோடு இருக்கும் பாத்திரம் தாங்குகிறது, வெறும் பாத்திரம் பழுத்துப் போகிறது, அதே கதை. மேலே ஆவி மட்டும் இருக்கும் பகுதியில் தீ பட்டால் எஃகு இளகிவிடும். இளகிய தகடு வால்வு திறக்கும் அழுத்தத்தையே தாங்காது. போதாததற்கு, வால்வு கக்கக் கக்கத் திரவ மட்டம் இறங்கும், வெறுந்தகடு கூடும்.

அதனால் வால்வு பாதிதான், மீதிப் பாதி அந்த ஜாக்கெட். எழுபதுகளில் நடந்த இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகுதான் இந்த வகை வண்டிகளுக்குத் தீத்தடுப்பு, முகப்புக் கவசம், கழன்றுகொள்ளாத இணைப்பு மூன்றும் கட்டாயமாயின. சுற்றித் தீ எரிந்தால் 100 நிமிடம், ஒரே இடத்தில் பீய்ச்சி எரிந்தால் 30 நிமிடம் தாங்க வேண்டும். அவ்வளவு நேரமும் சரக்கு வெளியே வரலாமென்றால் வால்வு வழியாக மட்டுமே வரலாம்.

#15 மிசிசாகா_மச்சான்

நான் குடியிருக்கிற ஊரின் பெயரே இதில் இருக்கு. 1979 நவம்பர் 10 இரவு மிசிசாகாவில் சரக்கு ரயில் தடம் புரண்டு புரொப்பேன் வண்டிகள் வெடித்தன. பக்கத்தில் குளோரின் வண்டி ஒன்று வேற. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆக்களை வெளியேற்றினவை. ஒருத்தரும் சாகவில்லை, அதுதான் அதிசயம். தடம் புரண்ட காரணம் சூடேறிய ஒரு சக்கர பேரிங்.

#16 கணக்குப்புலி

பேரிங் என்றதும் 2023 பிப்ரவரி 3, ஒஹாயோவின் ஈஸ்ட் பாலஸ்தீனும் நினைவுக்கு வருகிறது. அங்கேயும் தொடக்கம் பேரிங். தடம் புரண்டவற்றில் ஐந்து வண்டிகளில் வினைல் குளோரைடு.

வால்வு ஆட்கள் அதில் கவனிக்க வேண்டிய சங்கதி வேறு. அவற்றில் சில வண்டிகளின் கூண்டு மூடி அலுமினியம். தீயில் உருகி வால்வுகள் மேலேயே ஒழுகியிருக்கிறது. அலுமினியம் சுமார் 660 டிகிரியில் உருகும். விதி எதிர்பார்க்கும் தீயோ 870 டிகிரி. பெஞ்சில் எவ்வளவு துல்லியமாக அழுத்தம் வைத்தாலும், தலைக்கு மேல் உருகுகிற மூடி இருந்தால் என்ன பயன்? பிறகு அமெரிக்கப் பாதுகாப்பு அமைப்பு இதற்கென்றே ஒரு எச்சரிக்கை அறிக்கை விட்டது.

#17 ரென்ச்_ராஜா

சரி சரி, மூன்று பிஎஸ்ஐ விஷயத்தில் என் தப்பு. பெரும்பாலும் 75 வால்வுகளில் வேலை செய்தவன் நான். ஆனால் வந்த நிலையில் எடுத்த அளவை எழுதி என்ன ஆகப்போகிறது? எப்படியும் ஓ-ரிங்கை மாற்றத்தான் போகிறோம்.

#18 நுரைக்குமிழ்

வால்வுச் சோதனைக்குப் பத்து வருடம் என்பது உச்சவரம்பு ராஜா. வண்டியின் உரிமையாளர்தான் பொறுப்பு. சரக்குக்கும் வால்வுக்கும் ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் அவர் அந்த இடைவெளியைக் குறைக்கலாம், ஓ-ரிங் ரகத்தையே மாற்றலாம். அதை அவர் எதை வைத்து முடிவு செய்வார்? நாம் எழுதி அனுப்பும் 301-ஐ வைத்துத்தான். நாம் 'தேறியது' என்று மட்டும் எழுதினால், அதே ரப்பர் அதே மாதிரி இன்னும் பத்து வருடம் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

ஓ-ரிங் ரகம் சின்ன விஷயம் இல்லை. 'விட்டான்' என்ற ரப்பர் ரகம் அம்மோனியாவுக்கு ஆகாது. ஈபிடிஎம் என்ற இன்னொரு ரகம் புரொப்பேன் மாதிரி எண்ணெய்ச் சாதிகளில் ஊதிப் போகும். எல்லாமே பார்க்கக் கறுப்பு வளையம்தான். உறையைக் கிழித்து மேசையில் போட்டால் எனக்கே அடையாளம் தெரியாது, பாகத்தின் எண்ணைப் பார்த்துத்தான் எடுப்பேன்.

#19 புதுசா_வந்தவன்

கேஸ்கெட் கிடைத்தது!

ஒரு பக்கம் நன்றாக அழுந்தியிருக்கிறது, எதிர்ப்பக்கம் புதுசு மாதிரி. அந்த அழுந்தாத பக்கத்தில் உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை விரல் நகம் அகலத்துக்கு ஒரு தடம், வாயு அரித்த பாதை. போல்ட்டுகளை முன்பு யாரோ சுற்று வரிசையில் ஒரே மூச்சாக இறுக்கியிருக்க வேண்டும், எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கவில்லை. 'உஸ்ஸ்' அங்கிருந்துதான்.

வால்வைப் பிரித்தும் பார்த்தேன். ஓ-ரிங் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. சீட்டில் கறுப்பாக அதன் அச்சு. ஸ்பிரிங்கில் அரிப்பு இல்லை, தண்டு நேராக இருக்கிறது.

#20 பட்டறை_அண்ணாச்சி

அப்படியானால் இரண்டு கோளாறு, இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஒன்று சத்தம் போட்டதால்தான் சத்தம் போடாத இன்னொன்று மாட்டிக்கொண்டது.

இனி வேலை. பிரிக்கும் முன் ஸ்பிரிங்கின் அழுந்திய உயரத்தை அளந்தீர்கள்தானே? அளக்காவிட்டாலும் மோசமில்லை, கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். சீட்டை மணல்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். துணியும் அதற்குரிய கரைப்பானும் போதும். கீறல் விழுந்தால் எந்த ஓ-ரிங்கும் அதை மூடாது.

மாட்டிய பிறகு அழுத்தத்தை மெதுவாக ஏற்றுங்கள், முக்கியமாகக் கடைசி இருபது முப்பது பிஎஸ்ஐ. விறுவிறுவென்று ஏற்றினால் கேஜ் ஒரு எண் காட்டும், வால்வு வேறு எண்ணில் திறந்திருக்கும். பெஞ்சுக்குப் பின்னால் காற்றுத் தொட்டி சிறியதா பெரியதா என்றும் பாருங்கள். சிறிய தொட்டி என்றால் வால்வு திறந்தவுடன் அழுத்தம் விழுந்து படபடவென்று அடித்துக்கொள்ளும், புது ஓ-ரிங் அப்போதே காயப்படும்.

நட்டைத் திருக வேண்டி வந்தால், முதலில் அழுத்தத்தை நன்றாக இறக்குங்கள். தண்டு கூடவே சுற்றாமல் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றினால் அடியில் ஓ-ரிங் அரைபடும். ஒரு முறைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம். நட்டு போய்க்கொண்டே இருக்கிறது, எண் நகரவில்லை என்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். தளர்ந்த ஸ்பிரிங்கை இறுக்கி இறுக்கி எண்ணுக்குக் கொண்டு வந்தால், எண் வரும். ஆனால் சுருள்கள் நெருங்கிப்போய் வால்வு முழு உயரத்துக்குத் தூக்காது. தீயில் வேண்டியது திறப்பு மட்டும் இல்லை, போதுமான அளவு கக்கவும் வேண்டும். அதைப் பெஞ்ச் சோதனை காட்டாது. பெஞ்சில் நாம் பார்ப்பது அது வாய் திறக்கும் நேரத்தை மட்டும்.

#21 சும்மா_எட்டிப்பார்த்தேன்

யார்டில் ஒட்டிய வால்வை சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் சரியாகும் என்று எங்கோ படித்தேனே?

#22 நுரைக்குமிழ்

படித்த இடத்தை மறந்துவிடுங்கள். 140 பிஎஸ்ஐ புரொப்பேனுக்கு மேலே நின்றுகொண்டு இரும்பை இரும்பால் தட்டுவது தற்கொலைக்கு வேறு பெயர்.

#23 புதுசா_வந்தவன்

முடிந்தது. உயரத்தை அளந்துதான் பிரித்தேன். புது ஓ-ரிங் போட்டு அதே உயரத்துக்கு மாட்டியதும் 276, 275. எல்லைக்குள்தான், ஆனாலும் கீழ் விளிம்புக்கு நெருக்கம். எட்டில் ஒரு சுற்று கூட்டினேன். 281, 280, 281. குமிழ் நின்றது 242-இல். லாக் நட், கம்பி, ஈய முத்திரை, தகடு எல்லாம் போட்டாகிவிட்டது. வண்டியில் புது கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக மூன்று சுற்றில் இறுக்கினோம். உள்ளே நைட்ரஜன் ஏற்றி ஃபிளாஞ்ச், அளவுகோல், எல்லா வால்வுகளிலும் சோப்புத் தண்ணீர். சுத்தம்.

அறிக்கையில் 'வந்த நிலை: 301, 284, 282' என்று எழுதிவிட்டேன். கேஸ்கெட் படத்தையும் இணைத்தேன். இறுக்கச் சொன்ன நண்பர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இன்று காலை வந்த இன்னொரு வால்வை, நான் கேட்காமலேயே, கழுவாமல் பெஞ்சில் வைத்தார்.

#24 மிசிசாகா_மச்சான்

அதின்ர முதல் அளவு எவ்வளவு வந்தது தம்பி?

#25 புதுசா_வந்தவன்

279. அது நல்ல பிள்ளை.